பாலத்தில் நிற்கும் அவசரம்

விளையாட்டில் சண்டை வந்தால் தீர்த்துவைப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதை நினைத்தால் அக்காவுக்கு இன்றும் சிரிப்பு வரும். "எதுத்த வீட்டுப் பசங்க அடிச்சுக்கிட்டா நாங்க சும்மாவேதானே விலக்கி விடுறோம்" என்பாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்வதில் இருவருக்குமே நல்ல பயிற்சி உண்டு.

எங்கள் கம்பெனி நடத்தும் ஆன்லைன் ஆட்டத்துக்குப் பெயர் 'இரு கரை'. திரையில் ஒரு ஆறு, ஆற்றின் மேல் ஒரு கல் பாலம், கரைக்கு ஐந்து பேர். எதிர்க்கரையின் விளக்கைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து தன் கரைக்கு வந்து சேர்ந்தால் ஜெயம். விதியை மீறினால் அக்கவுண்டை எடுத்துவிடுவோம். ஆனால் எடுப்பதற்கு முன் தன் பக்க நியாயத்தைச் சொல்வது ஆட்டக்காரரின் உரிமை. அதைக் கேட்டுத் தீர்ப்பு எழுதுவது முறையீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் என் தலையெழுத்து. பூனை பொத்தானை மிதித்துவிட்டது, நான் குளிக்கப் போனபோது தம்பி ஆடிவிட்டான், என்று எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். இதுவரை என் மேசைக்கு வந்த பூனைகளைச் சேர்த்தால் ஒரு படை திரட்டலாம்.

அந்த வாரம் ஒரே ஆளைப் பற்றிப் புகார் மேல் புகாராக வந்தது. ஆட்டத்தில் அவர் வைத்திருந்த பெயர் 'அவசரம்'. அவர்மேல் இருந்த குற்றச்சாட்டோ, அசையாமல் நிற்கிறார் என்பது.

"நாலு பேரு நாயா ஓடுறோம். அவசரம் பாலத்துல நின்னு காத்து வாங்குது" என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கோபம்தான். ஐந்து பேர் ஆட வேண்டிய இடத்தில் நான்கு பேர் ஆடினால் தோல்வி நிச்சயம். எங்கள் விதி தெளிவாகவே சொல்கிறது: ஆட்டக்காரர் தம்மால் இயன்ற அளவு முயல வேண்டும். சும்மா நிற்பது அணிக்குச் செய்யும் துரோகம். அக்கவுண்டை எடுக்கப்போகிறோம் என்று அறிவிப்பு அனுப்பினோம். மறுநாளே அவருடைய மனைவி முறையிட்டார். ஒரே ஒரு வரி: 'அவர் சும்மா நிற்கவில்லை, ஆடுகிறார்.'

சரி, பார்த்துவிட்டால் போகிறது என்று நிழலாகப் போனேன். எங்கள் வேலையில் நிழல் போவது என்றால், நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்து வேடிக்கை பார்ப்பது. எங்களுக்கு உடம்பு கிடையாது, காலடிச் சத்தம் கிடையாது, பெயருக்கு ஏற்ற நிழல்கூடக் கிடையாது. ஆட்டக்காரர்கள் எங்கள் ஊடாகவே ஓடுவார்கள். ஆரம்பத்தில் கூச்சமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

அவசரம் பாலத்தின் நடுவில் நின்றார். சாம்பல் நிறச் சட்டை போட்ட சாதாரண உருவம். மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள், ஒருவன் போகிற போக்கில் திட்டிவிட்டுப் போனான். அவர் கண்டுகொள்ளவில்லை. நான் கைப்பிடிச் சுவரோரம் நின்று கவனித்தேன். கொட்டாவி வந்தது. டீயை எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்பினால், அவர் முகம் முன்பு பார்த்த பக்கம் இல்லை. சற்றே என் பக்கம் வந்திருந்தது.

கண் மயக்கம் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தேன். தலை திரும்பிக்கொண்டுதான் இருந்தது, கடிகாரத்தின் சின்ன முள் நகர்கிற மாதிரி. கடைசியில் நேராக என்னைப் பார்த்து நின்றது.

நான் பாலத்தின் மறுபக்கம் போனேன். காத்திருந்தேன். தலை மெல்ல மெல்லத் திரும்பி, மறுபக்கம் வந்து, மறுபடியும் என்னிடத்தில் நின்றது. நான் பாலத்துக்கு அடியில் இறங்கினேன். அது குனிந்தது.

ஆபீசில் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, பக்கத்து மேசையில் யாரோ தும்முகிறார்கள், நடுப்பகல். ஆனாலும் பயந்துபோய்க் கணினியை அணைத்தேன். இத்தனை வருடமாக எல்லோரையும் நான்தான் பார்த்திருக்கிறேன். என்னை யாரும் பார்த்ததில்லை.

முறையீட்டை நேரில் கேட்பது என்றால் எங்களுக்கு வீடியோ அழைப்புதான். அந்த அம்மா தையல்காரர். போனைத் தையல் மெஷினின் மேல் சாய்த்து வைத்திருந்தார். நாற்காலியின் முதுகில் பாதி தைத்த சீருடைகள் கிடந்தன, அவற்றின் மேல் அளவு நாடா. ஜன்னலை ஒட்டிக் கட்டில். அதில் தலையணைகளில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார் அவசரம். கண் திறந்திருந்தது. மூக்கில் ஒரு குழாய். வலது கையில் விளையாட்டு ரிமோட், அது நழுவாமல் இருக்க ஒரு துணிப்பட்டை. பட்டைக்கு எலாஸ்டிக் வைத்து, பொத்தான் துளை கட்டி, ஓரம் மடித்து அந்த அம்மா அழகாகத் தைத்திருந்தார்.

"கிரேன் ஓட்டிக்கிட்டிருந்தாரு மேடம். அவ்ளோ உசரத்துல உக்காந்துக்கிட்டு லீவரை நூலளவு தள்ளுவாரு, கீழ அம்மாம்பெரிய இரும்புப் பொட்டி நகரும். ஒரு நாள் மேலயே தலையில ரத்தக்குழா வெடிச்சிருச்சு. எறக்கிட்டு வரவே நேரமாயிடுச்சு."

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"மூச்சு இருக்கு, உள்ள ஆள் இல்லங்கிறாரு." அவர் இதை ஆத்திரமில்லாமல் சொன்னார். பல முறை சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம். "அவரோட அண்ணனும் அதையேதான் சொல்றாரு. அடுத்த வாரம் எல்லாரையும் கூப்பிட்டிருக்காரு டாக்டர். இந்தக் குழாயை எடுத்துடலாமான்னு முடிவு பண்ண."

"இந்த ஆட்டம்?"

"வேலை முடிஞ்சு வந்ததும் ஆடுவாரு மேடம், அது ஒண்ணுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஒரு நாள் எனக்கு என்னமோ தோணுச்சு, கையில வச்சு விட்டேன். மெஷின்ல உக்காந்து தச்சுக்கிட்டே நிமிர்ந்தா, டிவியில அவரு தலை திரும்புது. டாக்டர்கிட்ட சொன்னேன். கை தன்னால துடிக்கும்மா, அதுல ஒண்ணும் இல்லன்னுட்டாரு." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "நான் சொன்னா பொண்டாட்டி ஆசையில பேசுறான்னு நினைக்கிறாங்க. நீங்க வெளியாளு. ஆடுறாருன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா, அதைக் கொண்டுபோய் அவங்க முன்னாடி வைப்பேன். அக்கவுண்டை எடுத்துட்டீங்கன்னா, கம்பெனிக்காரங்களே ஆள் இல்லன்னு சொல்லிட்டாங்களேம்பாங்க. அதுக்கப்புறம் நான் என்னத்தப் பேசுறது?"

நான் எழுதப்போவது ஒரு விளையாட்டுத் தீர்ப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா. ரெண்டு கையும் எனக்குத் தெரியணும்" என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்டனைக்குக் காத்திருக்கும் மாணவி மாதிரி இரு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு திரையில் அந்த அறை, இன்னொரு திரையில் பாலம். நான் நிழலாக உள்ளே போய்ப் படித்துறையில் நின்றேன்.

அவசரம் திரும்பினார். முகம் என்னிடம் வந்து நின்றது. நான் மரத்தடிக்குப் போனேன், முகம் அங்கேயும் வந்தது. அறையில் அவருடைய கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாலத்தில் அவர் முகம் என்னைத் தேடித் தேடி வந்துகொண்டே இருந்தது.

"வெறும் இடத்தைப் பாக்குறாரே மேடம். அங்க என்ன இருக்கு?"

சொல்லக் கூடாது. நிழல் எங்கே நிற்கிறது என்று வெளியாளிடம் சொன்னால் வேலைக்கே உலை. "நான் நிக்கிறேன்மா" என்றேன்.

அந்த அம்மா கட்டில் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா, அவங்கதானாம்" என்று அவரிடம் சொன்னார், வாசலில் வந்து நிற்கும் ஆளை அறிமுகப்படுத்துகிற குரலில். கட்டிலில் கண் அதே இடத்தில் நிலைத்திருந்தது. பாலத்தில் உருவத்தின் தலை சற்றுத் தாழ்ந்து நிமிர்ந்தது.

என் பிரிவின் தலைவரை எல்லோரும் செக்‌ஷன் சார் என்போம். காபி ஆறிவிட்டது என்று சொன்னாலும் அதற்கு ஒரு செக்‌ஷன் காட்டுவார். ஆட்டத்தின் விதிகளில் முக்கால்வாசி அவர் எழுதியவை. நடந்ததைச் சொல்லி முடித்ததும் பென்சிலால் காதைக் குடைந்தபடி யோசித்தார்.

"உன்னைப் பாத்தாருன்னு எழுதப்போறியா?"

"ஆமா சார். தற்செயல் இல்ல. நான் போற பக்கமெல்லாம் திரும்பினார்."

"நிழலை ஆட்டக்காரங்க பாக்க முடியாது. பாத்தாருன்னா, மறைஞ்சதைப் பாக்குற குத்தம். நிரந்தர நீக்கம், முறையீடே கிடையாது. பாக்கலைன்னா சும்மா நிக்கிறாரு. அதுக்கும் நீக்கம். எந்த வாசல் வழியா வெளிய அனுப்பலாம்னு நீயே சொல்லு."

"திருட்டு புரோகிராம் எதுவும் போடலையே சார். சோதிச்சாச்சு."

"புரோகிராம்னு விதியில எங்கம்மா இருக்கு? 'எவ்வழியிலேனும்'னு இருக்கு. நான்தான் போட்டேன்." அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு உள்ள ஒரே சாட்சி, அவனை வெளியே தள்ளுவதற்கும் சாட்சியாகிறது. இருக்கைக்குப் போய் உட்கார்ந்து விதிகளை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். ஆட்டக்காரர்களுக்கான விதிகளில் இடுக்கு எதுவும் அகப்படவில்லை. பிறகு எங்களுக்கான விதிகளை எடுத்தேன், வேலைக்குச் சேர்ந்த நாளோடு யாரும் மறந்துவிடுகிற பகுதி.

அங்கே இருந்தது. முன்பு எங்கள் ஆள் ஒருவன் நிழலாகப் போய், தன் கூட்டாளிக்கு எதிரிகள் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்திருக்கிறான். அவனைத் தண்டிக்கத் தோதாகச் செக்‌ஷன் சார் ஒரு வரி சேர்த்திருந்தார்: மேற்பார்வைக்குச் சென்றவர் ஆட்டக்காரர் எவராலும் உணரப்பட்டால், அக்கணம் முதல் அவரும் ஆட்டக்காரராகவே கருதப்படுவார்.

அதைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். "அவர் என்னை உணர்ந்தார். அப்ப நான் நிழல் இல்ல சார், ஆட்டக்காரி. பாலத்துல கூட நிக்கிற ஆளைத் திரும்பிப் பாத்தார். அது எந்த விதிப்படி குத்தம்?"

பென்சில் காதிலேயே நின்றது. எழுதிய வரியை இரண்டு முறை படித்தார். "இது அந்தப் பயலைப் பிடிக்கிறதுக்குப் போட்டது" என்று முனகினார்.

"எதுக்குப் போட்டீங்கன்னு அதுல எழுதலையே சார்."

அவர் சிரிக்கவில்லை. "ஆட்டக்காரின்னு ஒத்துக்கிட்டா ஆட்டக்காரங்களுக்கு உள்ள கடமையெல்லாம் உனக்கும் வந்துடும். அந்தப் பையன் அதை ஒத்துக்காமத்தான் வேலையை விட்டுட்டுப் போனான். இதுவரைக்கும் யாரும் தானா முன்வந்து ஒத்துக்கிட்டதில்ல. யோசிச்சுக்கோ."

"வரட்டும் சார்" என்றேன் மிதப்பாக. அப்போது என் கவலையெல்லாம் டாக்டர் கூப்பிட்டிருந்த அடுத்த வாரக் கூட்டத்தைப் பற்றித்தான். இனி நான் நிழல் போகக் கூடாது என்பார்கள். போகட்டும், உட்கார்ந்து பூனைக் கதை கேட்டுக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

தீர்ப்பை எழுதினேன். அவசரம் தம்மால் இயன்ற அளவு முயல்கிறார். இயன்ற அளவு என்பது பார்ப்பவர் அளவல்ல, ஆடுபவர் அளவு. மேற்பார்வையாளராகச் சென்ற நான் அவரால் உணரப்பட்டேன், எனவே நானும் ஆட்டக்காரியாகவே அங்கு நின்றேன். மற்றவர்களின் உரிமையும் கெடக் கூடாது என்பதால், அவர் சேரும் அணிக்கு அவர் போக முழுதாக ஐந்து பேரைத் தர வேண்டும். செக்‌ஷன் சார் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் அந்த அம்மா கூப்பிட்டார். பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"டாக்டர் படிச்சாரு மேடம். சிரிப்பாருன்னு பயந்தேன், சிரிக்கல. அவரோட அண்ணன் என்னமோ சொல்ல வந்தாரு, டாக்டர் சும்மா இருங்கன்னுட்டாரு. இன்னொரு தரம் நல்லா சோதிச்சுப் பாப்போம், அதுவரைக்கும் குழாயைத் தொட வேணாம்னு சொல்லிட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரொம்ப சந்தோஷம்மா என்றேன்.

"உங்களுக்குத்தான் சிரமம். தெனமும் வந்து அவரு பக்கத்துல நின்னுட்டுப் போறீங்க. நீங்க வர ஆரம்பிச்சதுலேர்ந்து அவரு சுத்திமுத்தித் தேடுறதேயில்ல, உங்க பக்கமே பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

"நான் வரலியேம்மா. எனக்கு உள்ள போற அனுமதியே இல்ல இப்ப."

மெஷின் சத்தம் நின்றது. "நீல உருவம், நீங்க இல்லியா? மேல உங்க பேரு இருக்கே."

பதிவுகளைத் திறந்தேன். தீர்ப்பு எழுதிய மறுநாளிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் பாலத்தின் நடுவில் இரண்டு பேர் நின்றார்கள். ஒன்று சாம்பல் சட்டை. மற்றது நீலம், தலைக்கு மேல் என் ஊழியர் பெயர். அதுவும் அசையாமல் நின்றது. வேகத்தைக் கூட்டி ஓட்டிப் பார்த்தேன். அசையாமல் இல்லை. மிக மெதுவாக அவர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

செக்‌ஷன் சார் கணினிக்காரர்களைக் கூப்பிட்டார். அவர்கள் தேடாத இடமில்லை. அப்படி ஒரு அக்கவுண்டே இல்லை, எந்த ஊரிலிருந்தும் யாரும் உள்ளே நுழையவில்லை, இல்லாததை எப்படி எடுப்பது என்று கையை விரித்தார்கள். அவர்கள் போன பிறகு சார் கதவைச் சாத்தினார்.

"ஆட்டக்காரரோட முதல் கடமை என்ன?"

"ஆட்டம் முடியிற வரைக்கும் அணியைக் கைவிடக் கூடாது."

"அவரோட ஆட்டம் இன்னும் முடியலையே" என்றார். அவர் குரலில் செக்‌ஷன் எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்கு மறுப்பு இருந்தால் முறையிடலாம் என்றும் சொன்னார். முறையீடுகள் என் மேசைக்குத்தான் வரும் என்பது இருவருக்குமே தெரியும்.

அக்காவிடம் இதைச் சொல்லாமல் மழுப்பிக்கொண்டிருந்தேன். விடுமுறை நாளில் மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். டேப்லெட்டைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்து, வெளியாட்கள் வேடிக்கை பார்க்கிற பக்கத்தில் ஆட்டத்தை ஓடவிட்டிருந்தேன். இப்போதெல்லாம் அவர்கள் நிற்பதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை. பாலத்தில் சாம்பலும் நீலமும் நின்றுகொண்டிருந்தன.

"ஏண்டி, கட்டை விரல் ஏன் இப்படி ஆடுது?" என்றாள் அக்கா.

குனிந்து பார்த்தேன். மேசை மேல் கிடந்த என் இடது கையில் கட்டை விரல் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது, நூலளவு, நூலளவாக. நான் நகர்த்தவில்லை. டேப்லெட்டில் நீல உருவம் திரும்பிக்கொண்டிருந்தது.

"நரம்புத் தளர்ச்சியா இருக்கும். டாக்டர்கிட்ட காட்டணும். எத்தனை நாளா இருக்கு?" அக்கா என் விரலைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. பாலத்தில் நீல உருவம் அப்படியே நின்றுவிட்டது.

நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இவ்வளவு சுலபமா, இப்படியே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் மனம் ஆசைப்பட்டது. அதற்குள் சாம்பல் சட்டையின் தலை வெடுக்கென்று திரும்பியது. இதுவரை அவர் அப்படி வேகமாக அசைந்து நான் பார்த்ததே இல்லை. நீல உருவம் பக்கத்திலேயே நிற்கிறது, அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. படித்துறைப் பக்கம் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார், பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார், மறுபடியும் படித்துறையைப் பார்த்தார்.

"விடுக்கா" என்றேன்.